வளரும் பிள்ளையின் உணவும் மனமும்

பன்னிரண்டு வயதைத் தாண்டிப் பதினெட்டை எட்டாத பிள்ளைகள் உள்ள வீடுகளில் இரண்டு முறையீடுகள் ஓயாமல் எழுகின்றன. வேளைக்குச் சரியாகச் சாப்பிடுவதில்லை என்பது ஒன்று. எதைச் சொன்னாலும் எரிந்து விழுகிறான், அல்லது அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள் என்பது மற்றொன்று. முதல் முறையீட்டை வைத்தியரிடமோ வீட்டுப் பாட்டியிடமோ சொல்லி, சத்து மாவோ டானிக்கோ வாங்கிக்கொண்டு திரும்புகிறோம். இரண்டாவதை வகுப்பாசிரியரிடம் சொல்லி, அவர் வாயால் ஓர் உபதேசம் செய்யச் சொல்கிறோம். இவ்விரண்டும் ஒரே பிள்ளையைப் பற்றியவை, ஒரே நாளின் காலையிலும் இரவிலும் நிகழ்பவை, ஒன்றுக்கொன்று காரணமாகவும் காரியமாகவும் இருக்கக்கூடியவை என்ற எண்ணம் பெரும்பாலும் நமக்குத் தோன்றுவதில்லை.

தேகத்துக்கு ஒரு சாஸ்திரம், மனத்துக்கு ஒரு சாஸ்திரம் என்று வைத்திய உலகமே நெடுங்காலம் பிரித்து வைத்திருந்தபடியால், இதற்காகப் பெற்றோரைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் உலகின் பல பாகங்களில் நடந்த ஆராய்ச்சிகள், உண்ணும் முறைக்கும் மனோநிலைக்கும் உள்ள சம்பந்தம் நாம் நினைத்ததைவிட நெருக்கமானது என்றும், அந்தச் சம்பந்தம் மிகவும் கூர்மையாக வெளிப்படுவது இளம்பிராயத்திலேதான் என்றும் காட்டி வருகின்றன. அவற்றுள் எதை நம்பலாம், எதை இன்னும் ஐயத்தோடு நோக்க வேண்டும், நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் அன்றாட வாழ்க்கைக்கு அவற்றால் விளையும் பாடம் யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வளர்ச்சியும் தளர்ச்சியும்

பிறந்த முதல் இரண்டாண்டுகளுக்குப் பின் மனித தேகம் மிக வேகமாக வளர்வது பதின்பிராயத்தில்தான். எலும்பு நீள்கிறது, தசை திரள்கிறது, இரத்தத்தின் அளவு பெருகுகிறது, பெண்பிள்ளைகளுக்கு மாதந்தோறும் உதிரப்போக்கு வேறு தொடங்கிவிடுகிறது. இத்தனைக்கும் மேலாக, தேகத்தின் எடையில் ஏறக்குறைய 2 சதவீதமே இருந்துகொண்டு, தேகம் ஓய்வில் செலவிடும் சக்தியில் ஏறக்குறைய 20 சதவீதத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் மூளை, இந்தப் பிராயத்தில் தன் உள்ளமைப்பைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. ஆத்திரம், ஆசை, அச்சம் ஆகியவற்றை எழுப்பும் பகுதிகள் முன்னரே விழித்துக்கொள்ள, அவற்றை நிதானப்படுத்த வேண்டிய முன்மூளையோ இருபது வயதைக் கடந்த பின்னும் முழுமையடையாமல் இருக்கிறது. ஆகவே, தேகத்தின் தேவை உச்சத்தில் இருக்கும் அதே காலம், மனத்தின் கட்டுப்பாடு இன்னும் முதிராத காலமாகவும் அமைந்துவிடுகிறது.

மனநோய்களில் பாதி, பதினான்கு வயதுக்குள் தோன்றிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் தலைமையில் 2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பதின்மூன்று முதல் பதினேழு வயது வரையுள்ளோரில் 7.3 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. உணவின் பக்கம் திரும்பினால், 2016 முதல் 2018 வரை நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், பத்து முதல் பத்தொன்பது வயது வரையுள்ள இந்தியச் சிறார்களில் 24 சதவீதத்தினர் வயதுக்குத் தகாத மெலிவோடு இருந்தனர். 5 சதவீதத்தினர் மிகை எடையோடு இருந்தனர். 31 சதவீதத்தினருக்கு பி12 என்னும் வைட்டமின் குறைவாக இருந்தது. நம் நாட்டின் விசித்திர ஸ்திதி இது: ஒரே வகுப்பின் ஒரு பெஞ்சில் போதிய ஆகாரமின்றி வாடும் பிள்ளையும், பாக்கெட் தின்பண்டங்களால் பருத்து நலிந்த பிள்ளையும் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். இருவருடைய மனமும் தளர்ந்திருக்கக்கூடும். ஆனால் தளர்ச்சிக்கு வழி வேறு வேறு.

காலை எட்டு மணி

பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ படிக்கும் ஒரு பிள்ளையின் காலைப்பொழுதை எண்ணிப் பாருங்கள். விடியற்காலை ஐந்தரைக்கோ ஆறுக்கோ டியூஷன். அங்கிருந்து ஓடிவந்து குளித்துப் பையைத் தூக்கினால் எட்டு மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ். முந்திய இரவு உண்டதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கடந்துவிட்ட நிலையில், இரண்டு பிஸ்கட்டும் ஒரு டம்ளர் டீயும் காலை ஆகாரம் என்ற பெயரால் உள்ளே போகின்றன. சில நாட்களில் அதுவும் இல்லை. இரத்தத்தில் சர்க்கரையின் அளவு இறங்கும்போது, அதை மீட்பதற்காக அட்ரினலின், கார்ட்டிசால் முதலிய சுரப்புகளைத் தேகம் வெளிவிடுகிறது. அச்சம் வரும்போது சுரப்பவையும் இவையே ஆதலின், நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, சின்னச் சொல்லும் பெரிய சினத்தை எழுப்புகிறது. பதினொரு மணி வகுப்பில் ஆசிரியர் காணும் கவனமின்மைக்கும் துடுக்குத்தனத்துக்கும், பல நேரங்களில் குணத்தைவிடப் பசியே காரணமாக இருக்கிறது.

பசித்த வயிற்றில் பாடம் ஏறாது என்பதை நம் நாடு அறியாததன்று. நாட்டுக்கே முன்மாதிரியாக அதை உணர்ந்து செயல்பட்ட பெருமை தமிழ்நாட்டுக்கு உண்டு. 1920இல் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த சர் பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்குப் பகுதியின் பள்ளியொன்றில் மதிய உணவு அளிக்க வழிசெய்தார். 1956இல் முதலமைச்சர் காமராசர் அதை மாநிலத்துக்குப் பொதுவான திட்டமாக வளர்த்தார். 1982 ஜூலை முதல் நாளில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி, 1984இல் பத்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கும் விரித்தார். பின்னர் வந்த அரசுகள் முட்டையைச் சேர்த்தன. 2022 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கி, மறு ஆண்டு ஆகஸ்டு 25இல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவி, உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் சாம்பாரும் இலட்சக்கணக்கான குழந்தைகளின் காலைப் பசியை ஆற்றின.

இத்திட்டங்களின் சிறப்பை மனமாரப் போற்றும் அதே வேளையில், அவற்றின் எல்லைக்கோடு எந்த வயதில் வரையப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். காலை உணவுத் திட்டம் வகுக்கப்பட்டபோது அது ஐந்தாம் வகுப்போடு நின்றது. சத்துணவோ பத்தாம் வகுப்போடு நிற்பது. அதாவது, பத்து வயதை எட்டி, தேகத்தின் தேவை ஏறத் தொடங்கும் ஆண்டில் பிள்ளை காலை ஆகாரத்தை இழக்கிறது. பொதுத்தேர்வும் நுழைவுத்தேர்வும் அதன் மனத்தை வதைக்கும் ஆண்டுகளில் மதிய ஆகாரத்தையும் இழக்கிறது. சிறு குழந்தைகளைக் காப்பது முதற்கடமை என்ற நியாயம் அரசுக்கு இருக்கலாம். ஆயினும் தாய் தந்தை இருவரும் விடியுமுன் வேலைக்குப் புறப்பட்டுவிடும் வீட்டுப் பிள்ளைக்கு, ஆறாம் வகுப்பில் சேர்ந்தவுடன் பசி நின்றுவிடுவதில்லை.

சோம்பல் என்று நாம் சொல்வது

உணவுக்கும் மனத்துக்கும் உள்ள சம்பந்தத்தில் சந்தேகத்துக்கு மிகக் குறைவாக இடமுள்ள பகுதி இரும்புச்சத்தைப் பற்றியது. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, பதினைந்து முதல் பத்தொன்பது வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 59.1 சதவீதத்தினருக்கும், அதே வயது ஆண்களில் 31.1 சதவீதத்தினருக்கும் இரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டிலும் அவ்வயதுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இந்நிலையில்தான் இருக்கிறார்கள். இரும்பு, இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பதற்கு மட்டும் உதவுவதன்று. உற்சாகத்தோடும் ஊக்கத்தோடும் தொடர்புடைய டோபமின், மன அமைதியோடு தொடர்புடைய செரடோனின் ஆகிய இரசாயனங்களை மூளை ஆக்கிக்கொள்வதற்கு வேண்டிய நொதிகளும் இரும்பின் துணையின்றி இயங்கமாட்டா. ஆகவே இரும்பு குறைந்த பெண், படியேறினால் மூச்சிரைப்பதோடு நில்லாமல், எதிலும் நாட்டமின்றி, எளிதில் கண்கலங்கி, படித்ததை மறந்து தவிக்கிறாள். அவளை வீடு சோம்பேறி என்கிறது. பள்ளி மந்தம் என்கிறது.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில், சோகை என்று சொல்லும் அளவுக்கு இன்னும் போகாமல், இரும்பின் சேமிப்பு மட்டும் குறைந்திருந்த உயர்நிலைப் பள்ளி மாணவியர் சிலருக்கு எட்டு வாரம் இரும்பு மாத்திரையும், ஏனையோருக்கு மருந்தற்ற வெறும் மாத்திரையும் கொடுத்து ஒரு பரீட்சை நடந்தது. இரும்பு பெற்றவர்கள் சொற்களைக் கற்று நினைவில் வைக்கும் திறனில் மற்றவர்களைவிட மேம்பட்டார்கள் என்று 1996இல் வெளிவந்த அந்த ஆய்வு தெரிவித்தது. மனத்தின் வேலை என்று நாம் கருதும் ஒன்று, தட்டில் விழும் ஒரு சத்தைப் பொறுத்து ஏறவும் இறங்கவும் கூடும் என்பதற்கு இது போதிய சான்று.

நம் அரசும் இதை அறிந்தே, 2012-13ஆம் ஆண்டு முதல் பள்ளிகளில் வாரம் ஒரு முறை இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட நீல நிற மாத்திரையையும், ஆண்டுக்கு இருமுறை குடற்புழு நீக்க மாத்திரையையும் கொடுக்கச் செய்துள்ளது. வெறும் வயிற்றில் விழுங்கினால் இம்மாத்திரை குமட்டும். ஒருமுறை குமட்டியதைக் கண்ட பிள்ளைகள் அடுத்த முறை அதை வாயில் அடக்கிக்கொண்டு வெளியே போய்த் துப்பிவிடுவார்கள். மதிய உணவுக்குப் பின், ஏன் கொடுக்கிறோம் என்பதை இரண்டு வாக்கியத்தில் விளக்கிக் கொடுத்தால் பயன் மிகும். உணவோடு உடனே டீ அருந்தினால் அதன் துவர்ப்புச்சத்து இரும்பை உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. நெல்லிக்காயோ எலுமிச்சையோ கொய்யாவோ சேர்ந்தால் இரும்பு எளிதில் ஏறுகிறது. இறைச்சி, மீன், முட்டை, பால் இவற்றைத் தவிர்த்துத் தாவர உணவிலே இயல்பாகக் கிடைக்காத பி12 குறைந்தாலும் சோர்வும் மறதியும் மனத்தளர்ச்சியும் தோன்றக்கூடும் என்பதால், சைவ உணவுக் குடும்பத்தார் பாலையும் தயிரையும் அலட்சியம் செய்யலாகாது. நீங்காத சோர்வுடைய பிள்ளைக்கு அறிவுரை சொல்லுமுன் ஓர் இரத்தப் பரிசோதனை செய்வது நலம்.

மாலைக் கடையும் இரவுக் காப்பியும்

பள்ளி விட்டதற்கும் மாலை டியூஷன் தொடங்குவதற்கும் இடையிலுள்ள அரை மணியில், பசி மேலோங்கிய பிள்ளைக்கு வழியில் எதிர்ப்படுவது பேக்கரியும் ஃபாஸ்ட் ஃபுட் தள்ளுவண்டியுமே. பப்ஸும் சிப்ஸும் நூடுல்ஸும் குளிர்பானமும் விரைவாகக் கிடைப்பவை, நண்பர்களோடு பகிரத்தக்கவை, நாவுக்கு இன்பமானவை. இவற்றைப் பாவமென்று பழிப்பது வீண். குறை எங்கே என்றால், வேகமாக ஏறி வேகமாக இறங்கும் சர்க்கரையும், மிகுந்த உப்பும் கொழுப்பும் கொண்ட இவை, நார்ச்சத்தும் புரதமும் உள்ள சுண்டலுக்கும் பயறுக்கும் பழத்துக்கும் உரிய இடத்தை நாள்தோறும் பிடித்துக்கொள்வதில் இருக்கிறது. பள்ளி வளாகத்திலும், பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் இத்தகைய பண்டங்களை விற்கலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் விதி வகுத்தது. எத்தனை பள்ளி வாசல்களில் அவ்விதி உயிரோடிருக்கிறது என்பதை, மாலை நான்கரை மணிக்கு எந்த ஊரிலும் யாரும் நேரில் கண்டறியலாம்.

இரவின் கதை இதனினும் கவலைக்குரியது. தேர்வுக் காலத்தில் விழித்திருந்து படிப்பதற்காகக் காப்பியும், அண்மைக்காலத்தில் எனர்ஜி டிரிங்க் என்னும் புட்டிப் பானமும் பிள்ளைகளிடையே வழக்கமாகி வருகின்றன. ஒரு லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரை காஃபீன் கொண்டிருக்க அனுமதிக்கப்பட்ட அந்தப் பானம் குழந்தைகளுக்கு உகந்ததன்று என்று புட்டியின் மேலேயே அச்சிட வேண்டும் என்பது விதி. எழுத்து பொடியாகவும் விளம்பரம் பெரிதாகவும் இருப்பதால் அதைப் படிப்பார் இல்லை. உட்கொண்ட காஃபீனில் பாதி தேகத்தை விட்டு நீங்குவதற்கே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பிடிக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு அருந்தியதில் பாதி, அதிகாலை இரண்டு மணிக்கும் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பதின்மூன்று முதல் பதினெட்டு வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் வேண்டும் என்பது வைத்தியர்களின் அபிப்பிராயம். உறக்கம் குறைந்தால் மறுநாள் பசியும் இனிப்பின் மீதுள்ள நாட்டமும் மிகுகின்றன. விடிந்தவுடன் வயிறு ஆகாரத்தை ஏற்க மறுக்கிறது. காலை உணவு தவறுகிறது. மாலையில் பேக்கரி அழைக்கிறது. இரவில் மீண்டும் காப்பி. இந்தச் சுழலுக்குள் சிக்கிய பிள்ளையின் மனம் கலங்காமல் இருந்தால்தான் அது வியப்பு.

காரணமா, காரியமா?

உண்ணும் முறை கெட்டதால் மனம் கெட்டதா, மனம் கெட்டதால் உண்ணும் முறை கெட்டதா என்று நுட்பமான வாசகர் கேட்பது நியாயமே. துயருற்ற பிள்ளை சாப்பாட்டை வெறுக்கலாம். அல்லது ஆறுதல் தேடிச் சாக்லேட்டை நாடலாம். ஏழ்மையும் வீட்டுப் பூசலும் இரண்டையும் ஒருங்கே கெடுக்கலாம். ஒரு நாளில் ஒரு கூட்டத்தாரைக் கண்டு கேட்கும் கணக்கெடுப்பினால் இம்முடிச்சை அவிழ்க்க இயலாது. ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியை ஃபெலிஸ் ஜாக்காவும் அவர் தோழர்களும், விக்டோரியா மாநிலத்தில் பதினொன்று முதல் பதினெட்டு வயது வரையுள்ள சுமார் 3,000 பிள்ளைகளை 2005-06இலும் மீண்டும் 2007-08இலும் ஆராய்ந்தார்கள். முதலில் நல்லுணவு உண்டவர்களின் மனநலம் பின்னரும் மேலாக இருந்தது. இடைக்காலத்தில் எவருடைய உணவு சீர்பட்டதோ அவர்கள் மனநிலையும் சீர்பட்டது. எவருடைய உணவு தாழ்ந்ததோ அவர்களுடையது தாழ்ந்தது. தொடக்கத்தில் மனநலம் குன்றியதால் பின்னர் உணவு கெட்டது என்ற எதிர்த்திசைத் தொடர்பு அவ்வாய்வில் புலப்படவில்லை.

இதன் பின், 2017இல் அதே குழுவினர் வெளியிட்ட மற்றொரு பரீட்சையில், கடும் மனச்சோர்வுற்ற 67 பேரில் ஒரு பாதியினருக்குப் பன்னிரண்டு வாரம் காய்கறி, பருப்பு, முழுத்தானியம், மீன், கொட்டை வகைகள் மிகுந்த ஆகாரத்துக்கு வழிகாட்டினார்கள். மறு பாதியினரோடு அதே அளவு நேரம் அன்போடு பேசிக்கொண்டிருந்தார்கள். உணவுக் குழுவினரில் மூன்றில் ஒரு பங்கினர் நோயிலிருந்து மீண்டனர். பேச்சுக் குழுவினரில் மீண்டவர் 8 சதவீதத்தினரே. ஆனால் இவர்கள் வயதுவந்தோர், எண்ணிக்கையிலும் குறைந்தவர்கள், தாம் எந்தக் குழுவைச் சேர்ந்தவர் என்பதை அறிந்தவர்கள். ஆகவே இம்முடிவை அப்படியே பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பொருத்திவிடுதல் சாஸ்திர முறையாகாது. சத்து மாத்திரைகளைப் பொறுத்தமட்டில், ஐரோப்பாவின் நான்கு நாடுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களுக்கு ஓராண்டு காலம் பல சத்துக்கள் சேர்ந்த மாத்திரை கொடுத்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், அவை மனச்சோர்வைத் தடுக்கவில்லை என்றே தெரிந்தது.

இன்னொரு பிரசித்தமான கூற்றையும் இங்கே தெளிவுபடுத்திவிடலாம். தேகத்திலுள்ள செரடோனினில் பத்தில் ஒன்பது பங்கு குடலில்தான் உண்டாகிறது, ஆகவே குடல் நன்றாயிருந்தால் மனம் மகிழும் என்று பலரும் பேசுகிறார்கள். முன்பாதி உண்மை; பின்பாதி அவ்வளவு நேரானதன்று. குடலில் உண்டாகும் செரடோனின், இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைக் கடந்து செல்வதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே ஆக்கிக்கொள்கிறது. குடலும் மூளையும் நரம்பின் வழியாகவும் நோயெதிர்ப்பு மண்டலத்தின் வழியாகவும் ஓயாது உரையாடுவது மெய்யே. ஆயினும் ஒரு குறிப்பிட்ட பானத்தையோ பொடியையோ உட்கொண்டால் துயரம் நீங்கும் என்று சொல்பவர் விற்பனைக்காகச் சொல்கிறார் என்று கொள்க. ஆராய்ச்சி நமக்கு இன்று தருவது ஓர் எளிய முடிவுதான்: ஒழுங்கான உணவு மனத்தைத் தாங்குகிறது, அது மட்டுமே மனநோய்க்கு மருந்தாகிவிடாது.

தானே பூணும் பட்டினி

வறுமையால் வரும் பட்டினி ஒருபுறமிருக்க, வசதியுள்ள வீடுகளில் தானே விரும்பிப் பூணும் பட்டினி இப்போது தலையெடுத்திருக்கிறது. இதன் தீமையை உணர, 1944 நவம்பரில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பார் தொடங்கிய பிரயோகத்தை அறிதல் வேண்டும். யுத்தத்தால் பட்டினி கிடந்த ஐரோப்பிய மக்களை மீட்பது எப்படி என்று கண்டறிவதற்காக, கொலைத்தொழிலில் ஈடுபட மனச்சாட்சி இடங்கொடாமல் படையில் சேர மறுத்த இளைஞர்களுள், தேகமும் மனமும் திடமாயிருந்த 36 பேர் தாமே முன்வந்து அரைப்பட்டினிக்கு உட்பட்டார்கள். ஆறு மாதத்தில் எடையில் கால் பங்கை இழந்த அவர்கள், சமையல் நூல்களை இடைவிடாமல் படித்தார்கள், தட்டுகளை நக்கினார்கள், நண்பர்களை வெறுத்து ஒதுங்கினார்கள், ஆழ்ந்த சோகத்திலும் திடீர்ச் சினத்திலும் மாறி மாறி வீழ்ந்தார்கள். மீண்டும் உணவு கொடுத்த பிறகும் மனம் பழைய நிலைக்கு உடனே திரும்பவில்லை. பட்டினி, மனநோயின் குறிகளை ஆரோக்கியமான மனத்திலும் தோற்றுவிக்கும் என்பது அங்கே ஐயமறத் தெரிந்தது.

எடை குறைக்க வேண்டுமென்ற மோகம் எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பசிபிக் தீவாகிய பிஜியில் ஓர் உதாரணம் கிடைத்தது. பருத்த தேகத்தை நலத்தின் அடையாளமாகப் போற்றிய அந்தச் சமூகத்தின் நத்ரோகா வட்டாரத்துக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆன் பெக்கர், தொலைக்காட்சி வந்த அவ்வாண்டிலும் 1998இலும் பள்ளி மாணவியரை ஆராய்ந்தபோது, உணவைப் பற்றிய கலங்கிய எண்ணங்களுடையோர் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 சதவீதமாகப் பெருகியிருந்தனர். எடை குறைப்பதற்காகத் தாமே வாந்தியெடுப்பவர், முன்னர் ஒருவரும் இல்லாதிருக்க, 11.3 சதவீதமாகியிருந்தனர். மூன்றே ஆண்டில் ஒரு திரை செய்த வேலை இது. இன்று அத்திரை ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் இருக்கிறது.

உண்ண மறுக்கும் இந்நோயை 1873ஆம் ஆண்டளவில் பாரிஸில் லாசேக் என்னும் வைத்தியரும் லண்டனில் வில்லியம் கல் என்பவரும் தனித்தனியே விவரித்தபோது, அது மேல்நாட்டுச் செல்வர் வீட்டு நோய் என்று கருதப்பட்டது. நம் நாட்டில் அது வேறு வேடம் பூண்டும் வரக்கூடும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், தம்மிடம் வந்த சிறார்களின் குறிப்புகளை ஆராய்ந்து 2007இல் எழுதிய கட்டுரையில், உணவு தொடர்பான மனக்கோளாறுகளுள் பெரும்பான்மையாகக் கண்டது மனவேதனையால் எழும் வாந்தியையே. வயிற்றில் ஒரு குறையும் காணாத வைத்தியர் அதை நடிப்பென்று தள்ளிவிடாமல், பள்ளியிலும் வீட்டிலும் என்ன நேர்ந்தது என்று கேட்பது அவசியம். கலியாண வீட்டில் பெண்ணைப் பார்த்து, "என்னடி, இப்படிப் பெருத்துட்டே?" என்று அத்தை கேட்பதும், பையனைப் பார்த்து, "ஒட்டடைக்குச்சி" என்று மாமா சிரிப்பதும் நம்மிடையே அன்பின் வழக்காகவே நடக்கின்றன, கேட்ட பிள்ளை கண்ணாடி முன் நின்று அச்சொல்லை எத்தனை முறை நினைக்கிறது என்பதை நாம் அறிவதில்லை.

உடன் அமர்ந்து உண்ணல்

அமெரிக்காவின் மின்னியாபொலிஸ், செயின்ட் பால் நகரங்களின் பள்ளிகளில் 4,700க்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் 1998-99இல் திரட்டிய விவரங்களைக் கொண்டு 2004இல் வெளியான ஆய்வு, குடும்பத்தாரோடு அடிக்கடி சேர்ந்துண்ணும் பிள்ளைகளிடம் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் புகைத்தலும் மதுவும் குறைவாகக் காணப்பட்டன என்றது. சேர்ந்துண்ணும் குடும்பம் வேறு பல வகையிலும் ஒற்றுமையுடையதாக இருக்கலாம் என்பதால், இதையும் முழு நிரூபணமென்று சொல்வதற்கில்லை. ஆனால் இதன் உட்பொருளை அறிய ஆராய்ச்சி வேண்டுவதில்லை. நாள்தோறும் ஒரு வேளை எதிரே அமரும் தாயின் கண்ணுக்கு, பிள்ளை இரண்டு வாரமாகப் பாதித் தோசையோடு எழுந்துவிடுவது தப்பாது.

நம் வீடுகளிலோ அப்பா கடையடைத்து வர இரவு பத்தாகிறது. அம்மா எல்லாருக்கும் பரிமாறிவிட்டுத் தனியே உண்கிறாள். பிள்ளை கைப்பேசியைத் தட்டின் அருகில் சாய்த்து வைத்துக்கொண்டு, உண்பது இன்னதென்று அறியாமல் உண்கிறது. அபூர்வமாக எல்லாரும் ஒன்றாக அமரும் வேளையிலும், ரிவிஷன் டெஸ்டில் வாங்கிய மதிப்பெண்ணைப் பற்றிய விசாரணை தொடங்கிவிடுகிறது. சோற்றின் முன் வைத்து விசாரிக்கப்படும் பிள்ளை, சோற்றையே தவிர்க்கக் கற்றுக்கொள்ளும்.

செய்யத்தக்கன

இதுவரை கண்டவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், பிள்ளை உண்ணும் பண்டத்தைக் காட்டிலும், பிள்ளையின் நாளைப் பெரியவர்களாகிய நாம் அமைத்திருக்கும் விதமே முதற்குற்றவாளி என்று தெரியவரும். காலையில் உண்ண அவகாசமில்லாத டியூஷனை ஏற்படுத்தியவர்கள் நாம். உறக்கத்தைத் திருடும் பாடச்சுமையை ஏற்றியவர்கள் நாம். பள்ளி வாசலில் தின்பண்டக் கடையை அனுமதித்தவர்களும் நாமே. அப்படியிருக்க, உண்ணும் முறையைத் திருத்திக்கொள்ளும்படி பிள்ளைக்கு மட்டும் உபதேசிப்பது நீதியாகாது.

அரசு செய்யத்தக்கது தெளிவானது. காலை உணவுக்கும் மதிய உணவுக்கும் வகுப்பு எல்லை எதற்கு? பன்னிரண்டாம் வகுப்பு வரை இரண்டையும் நீட்டுவது, மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகளைப் பெருக்குவதற்கு ஈடான நற்பணியாகும். பள்ளிகள் செய்யத்தக்கது, ஸ்பெஷல் கிளாஸ் வைப்பதாயின் உண்பதற்கு இருபது நிமிடம் ஒதுக்குவதும், மாலை வகுப்புக்கு முன் சுண்டலோ வேர்க்கடலையோ வாழைப்பழமோ கிடைக்க வழிசெய்வதும், பிள்ளைகளின் எடையை வகுப்பறையில் உரக்கப் படிக்கும் வழக்கத்தை ஒழிப்பதுமாகும். பெற்றோர் செய்யத்தக்கது, செலவு மிகுந்த ஆகாரத்தைத் தேடுவதன்று. இட்லியும் சாம்பாரும், கேழ்வரகுக் கூழும், முருங்கைக்கீரையும், ஒரு முட்டையும், மோரும் வேளைக்குக் கிடைத்தால் போதும். ஒரு வேளையேனும் உடன் அமர்ந்து, மதிப்பெண்ணையும் எடையையும் பேசாமல் உண்க.

இவ்வளவு செய்தும், இரண்டு வாரத்துக்கு மேலாகப் பிள்ளை உணவை ஒதுக்கினாலும், ஒளித்து வைத்து அளவின்றி உண்டாலும், உண்டவுடன் குளியலறைக்குப் போய் நெடுநேரம் இருந்தாலும், பெண்பிள்ளைக்கு மாதவிலக்கு நின்றாலும், எடை சடுதியில் குறைந்தாலும், விளையாட்டிலும் நட்பிலும் நாட்டம் அற்றாலும், உணவு முறையால் தானே சரியாகிவிடும் என்று காத்திராமல் மனநல மருத்துவரை அணுக வேண்டும். வாழப் பிடிக்கவில்லை என்ற பொருளில் ஒரு சொல் வந்துவிட்டால், அன்றே அணுக வேண்டும். மத்திய அரசு 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய டெலி-மானஸ் தொலைபேசி உதவி, 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணைப் பிள்ளைகள் அறியும்படி வீட்டிலும் வகுப்பறையிலும் எழுதி வையுங்கள்.